மஞ்சளில் சிக்கும் பேருந்தும் பாதிச் சாலையில் நின்ற அப்பாவும்

மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் அப்பா 29 ஆண்டுகள் டவுன் பஸ் ஓட்டியவர். இப்போது 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. போன மாதம் மருந்து வாங்கப் போனபோது, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் சிக்னலில் அவரும் நானும் சாலையைக் கடந்தோம். பச்சை விழுந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தோம். பாதிச் சாலை தாண்டியதும் சிவப்பு விழுந்துவிட்டது. வண்டிகள் ஹாரனை அழுத்திக்கொண்டே கிளம்பின. அப்பா என் தோளைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் போக்குவரத்துப் பொறியியல் நடத்துகிறேன். மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சாலை 15 மீட்டர் அகலம். நடப்பவர்களுக்குக் கிடைப்பது 13 விநாடி. இது எந்தக் கணக்கு என்று எனக்கு உடனே புரிந்தது, வகுப்பில் நானே போட்டுக்காட்டுவதுதான். ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டால் 15 மீட்டருக்கு 12.5 விநாடி போதும். அப்பாவின் நடை விநாடிக்கு 0.8 மீட்டர். அவருக்கு நடக்க மட்டுமே 19 விநாடி ஆகும். விளக்கைப் பார்த்து, இருபுறமும் கழுத்தைத் திருப்பி, முதல் அடி வைப்பதற்குள் இன்னும் இரண்டு மூன்று விநாடி போய்விடும். அமெரிக்காவிலும் இந்த 1.2 மீட்டர்தான் வழக்கத்தில் இருந்தது. 2009-இல் அதை 1.07 ஆகக் குறைத்தார்கள். மெதுவாக நடப்பவர்கள் அதிகம் வரும் இடங்களில் இன்னும் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நம் சிக்னல் இருப்பது அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியில். அங்கே கடப்பவர்களில் எத்தனை பேர் 1.2 மீட்டர் நடையில் போகிறார்கள்?

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா வேறு ஒன்றைச் சொன்னார். "அந்த சிக்னல்ல மஞ்சள் விழுந்தா எனக்கு வயித்தக் கலக்கும்பா." பல வருடம் முன்பு ஒருநாள், ஸ்டாண்டிங் கூட்டத்தோடு வந்தவர் மஞ்சளைக் கண்டு பிரேக் போட்டிருக்கிறார். நின்றிருந்த பாட்டி ஒருவர் கம்பியைத் தவறவிட்டு விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு, ஆட்கள் நின்றுகொண்டு வந்தால் அவர் மஞ்சளில் நிறுத்தியதே இல்லை. அது தவறு என்று அவருக்கும் தெரியும்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அங்கே மஞ்சள் 3 விநாடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் 33 மீட்டர் ஓடிவிடலாம். கார் என்றால், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி போக, விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்து சுமார் 32 மீட்டரில் நின்றுவிடும். காருக்கு மூன்று விநாடி கச்சிதம். ஆள் நிறைந்த பேருந்து அப்படி நிற்காது. ஏர் பிரேக்கில் காற்று போய்ச் சேரவே அரை விநாடி பிடிக்கும். நிற்பவர்கள் விழாமல் இருக்க வேண்டும் என்றால் கார் வேகத்தைக் குறைக்கும் வீதத்தில் பாதி வீதத்தில்தான் பேருந்து வேகத்தைக் குறைக்க முடியும். அப்போது நிறுத்த 58 மீட்டர் வேண்டும். ஆக, சிக்னலில் வண்டி நிற்க வேண்டிய கோட்டிலிருந்து 33 மீட்டருக்கும் 58 மீட்டருக்கும் நடுவே பேருந்து வரும்போது மஞ்சள் விழுந்தால், ஓட்டுநரால் பயணிகளைத் தள்ளாடவிடாமல் நிறுத்தவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டவும் முடியாது. காசிஸ், ஹெர்மன், மாரடூடின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1960-லேயே இந்தச் சிக்கலைக் கணக்காக எழுதிக்காட்டிவிட்டார்கள். அப்பா அதைத் தன் வயிற்றில் உணர்ந்திருக்கிறார்.

ஓட்டுநரின் எதிர்வினையை நாங்கள் நான்கு படிகளாகப் பிரித்து நடத்துவோம்: காணுதல், புரிந்துகொள்ளுதல், உணர்ச்சி, முடிவெடுத்தல். மூன்றாவதை மாணவர்கள் ஒப்பித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள்; நானும் அதில் நின்றதில்லை. விழுந்த பாட்டியின் முகம்தான் அந்த மூன்றாவது படி என்று இப்போது தெரிகிறது.

மஞ்சள் முடிந்த அதே நொடியில் குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுகிறது. கோட்டைத் தாண்டிய 11 மீட்டர் நீளப் பேருந்து 20 மீட்டர் சந்திப்பை முழுதாகக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி வேண்டும். கவுன்ட்டவுனில் "2" வந்ததுமே கிளம்பிவிடும் இருசக்கர வண்டிகள் நேராக அதன் பக்கவாட்டில் வந்து நிற்கின்றன.

நடப்பவர்களுக்கு நேரத்தைக் கூட்டினால் வண்டி வரிசை நீளும் என்பீர்கள். நீளத்தான் செய்யும். அதனால்தான் 22 விநாடியோடு (நடக்க 19, கிளம்ப 3) சாலை நடுவே நின்றுகொள்ள நடுத்திட்டு ஒன்றையும் கேட்கிறேன். சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு அகலமாக இருந்தால், முடியாதவர்கள் பாதியில் பத்திரமாக நின்று அடுத்த சுற்றில் கடப்பார்கள். மஞ்சளை 4 விநாடி ஆக்கி, எல்லாப் பக்கமும் சிவப்பு எரியும் 3 விநாடியை அதோடு சேர்க்க வேண்டும். சந்திப்புக்கு முன்னால் வேகத்தை 30-க்கு இறக்கிவிட்டால், அதே கணக்கில் பேருந்துக்கு 36 மீட்டர் போதும்; அதற்கு 4 விநாடி மஞ்சள் ஏறக்குறைய சரியாக இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது வேகக் குறைப்புதான். மற்ற எல்லாமே அதனால் எளிதாகும்.

என் மாணவர்கள் பதினெட்டு பேர் மூன்று நாள் காலையிலும் மாலையிலும் அங்கே நின்று நடை வேகத்தையும் பேருந்துகள் வரும் வேகத்தையும் அளந்துதரத் தயாராக இருக்கிறார்கள். சிக்னல் பெட்டியில் இப்போது ஓடும் நேரப் பட்டியலின் ஒரு நகலும், சாலையோரம் நின்று அளக்க அனுமதியும் எங்களுக்கு வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்பே அளவுகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

பணிவுடன்,
ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளர்