ஐந்தாம் நாளில் பிரியும் முட்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வீடுகள் வேகமாக எழ வேண்டுமென்றால் கட்டட விதிகளைக் கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. இன்னொரு மழைக்காலத்தையும் ஓலைக்கூரைக்குக் கீழே கழிக்கப்போகும் குடும்பத்தை நினைத்தால் அந்த அவசரம் நியாயமானதுதான். 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் இலக்கும் சின்னதல்ல. ஆனால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரத்தில் வேலை நடக்கும் இடங்களைப் பார்த்தால், நாட்கள் வீணாவது ஓரிடம், நாட்களை வெட்டுவது வேறிடம் என்று இருக்கிறது.

அனுமதிக்கான காத்திருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, விதிப்படி கட்டுவேன் என்று உரிமையாளரே தரும் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் உள்ளாட்சிகளின் கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாகச் சிறு வீடுகளுக்கு இதே வசதி இருக்கிறது. இதை மனதார வரவேற்கிறோம். ஆனால் இங்கே சுயசான்று வீட்டுக்கு அனுமதிக்கு முன் கள ஆய்வும் கிடையாது, முடிவுச் சான்றும் தேவையில்லை. அப்படியானால் தளம் போடுவதற்கு முன் கம்பியைப் பார்ப்பது யார்? அரசுத் திட்ட வீடுகளிலும் கூரைத் தவணைக்கான அளவெடுப்பு, கூரை போட்ட பிறகுதான். அப்போது பரப்பளவை அளக்கலாம். உள்ளே 8 மில்லி கம்பி எத்தனை அங்குல இடைவெளியில் கிடக்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது.

300 சதுர அடித் தளத்தையே எடுத்துக்கொள்வோம். 120 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ 3.3 கன மீட்டர் கான்கிரீட், 27 மூட்டை சிமெண்ட். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, எம்20 என்ற பலத் தரமுள்ள சாதாரணக் கலவையில் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. நடப்பது என்ன? கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் வரவில்லை, கலவை தானாக ஓடிப் பரவட்டும் என்று மேலும் ஒன்றிரண்டு வாளி ஊற்றுகிறார்கள். கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வந்து இறங்கினால் அது இன்னும் தண்ணீர் கேட்கும். 75 மைக்ரானுக்குக் கீழான பொடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கைப்பிடி மணலை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்தாலே, மேலே படியும் சேற்றின் கனம் ஓரளவு சொல்லிவிடும். நல்ல ஜல்லியும் எம்-சாண்டும் டாரஸ் லாரிகளில் எல்லை தாண்டிப் போகிற ஊர் இது. மிஞ்சியதை வாங்க வேண்டிய நிலை சிறு வீடு கட்டுபவருக்கு வரக் கூடாது.

அடுத்தது, தளம் பலம் பெறும்வரை அதை அடியிலிருந்து தாங்கும் முட்டு. 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது அதே விதி. இது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குச் சொன்னது. கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அது மெதுவாகத்தான் பலம் ஏறும், அதனால் சின்ன அறைக்கும் 14 நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் ஐந்தாம் நாளே பிரிக்கிறார்கள். கொத்தனாருக்கு இது தெரியாமல் இல்லை. கான்கிரீட்டை ஏந்தும் தகடும், முட்டாக நிற்கும் ஜாக்கியும் நாள் வாடகையில் வருகின்றன, ஒரே செட்டுக்கு அடுத்த சைட்டிலும் ஆள் காத்திருக்கிறது. 3.5 லட்சம் ரூபாய் வீட்டில் ஒன்பது நாள் வாடகை என்பது கண்ணுக்குத் தெரியும் செலவு. பலம் ஏறாத தளம் நடுவில் லேசாகத் தொய்வது அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. தொய்ந்த இடத்தின் அடியில் மயிரிழை விரிசல் விடும், மேலே தண்ணீர் தேங்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. நான்கைந்து வருடத்தில் கம்பி துருவேறிப் பருத்து, அடிப்பூச்சு பாளம் பாளமாக உதிரும்.

இதற்கு விதியைத் தளர்த்துவது மருந்தல்ல. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியமும் 300 சதுர அடிக்கான தகடு, ஜாக்கி செட்டுகள் சிலவற்றைச் சொந்தமாக வாங்கி, திட்ட வீடுகளுக்கு 14 நாள் வாடகையில்லாமல் கொடுக்கட்டும். முட்டு நிற்கும் நாட்களில் வேலை நிற்க வேண்டியதில்லை. வெளிச்சுவர் பூச்சு, கழிப்பறையின் இரட்டைக் குழி, செப்டிக் பைப் எல்லாம் அப்போதே முடியும்.

தளத்தை நனைத்து வைக்கும் கியூரிங்கும் அப்படித்தான். பிபிசி போட்டால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயக் கூடாது. அந்த 300 சதுர அடித் தளத்தில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கப் பாத்தி கட்டினால் ஒரு நிறைப்புக்கு 700 லிட்டர் வேண்டும். மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்கும் அவசரத்தில் தளங்கள் பிப்ரவரி, மார்ச் வெயிலில் விழுகின்றன. கிணறு வற்றுகிற மாதங்களும் அவைதான். எஸ்டிமேட்டில் கியூரிங் தண்ணீருக்கென்று ஒரு வரி வேண்டும். பணி ஆணையும் முதல் தவணையும் டிசம்பர் கடைசிக்குள் கைக்கு வந்தால் வானம் தோண்டுவதிலிருந்து கூரை வரை நிதானமாகவே 60 நாளில் முடிக்கலாம், காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தே. வேகம் வேண்டியது அந்தப் பணி ஆணைக்கு.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு மலையடிவாரத்தின் எஸ்டிமேட் பொருந்தாது. கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு இன்னும் பலமான எம்30 கலவையும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் மூடலும் வேண்டும். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தளம், பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது.

சன்ஷேடு பற்றியும் சொல்ல வேண்டும். அதில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். சட்டி தூக்கி வருபவர் மிதித்தால் அது அடியில் போய்விடும். அடியில் கிடக்கும் கம்பியால் ஒரு பயனும் இல்லை. முட்டுகளைப் பிரித்த அன்றோ, யாரோ மேலே ஏறி நின்ற அன்றோ சுவரோடு ஒட்டிய இடத்தில் ஒடிந்து விழும். மேல்கம்பியைத் தாங்கி நிற்கும் கம்பி நாற்காலியை மீட்டருக்கு ஒன்றாக வைத்துக் கட்டினால் போதும். மிஞ்சிய துண்டுக் கம்பியை வளைத்தே செய்துவிடலாம்.

உண்மையிலேயே நாளைக் குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள், முன்பே வார்த்த பாகங்களைக் கிரேனால் தூக்கிப் பொருத்தும் முன்வார்ப்பு முறையில் எழுந்தன. இங்கே, டெம்போகூட நுழையாத மூன்று சென்ட் மனைக்கு கிரேன் வராது. ஆனால் ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பலகை–உத்தரம் கூரைமுறையில், ஒன்றரை மீட்டர் நீளத்துக்குள்ளான பலகையை இரண்டு பேர் தூக்கி வைக்கலாம், உத்தரத்துக்கு நாலைந்து பேர் வேண்டும். சுவர் எழும் நாட்களிலேயே அவற்றை வார்த்து நனைத்துத் தயாராக வைத்துக்கொள்ளலாம். பிறகு மேலே மெல்லிய கான்கிரீட் போட்டால் சென்ட்ரிங் தகடே பெரும்பாலும் தேவைப்படாது. கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலையும் இப்படி வார்க்கலாம், ஆனால் சுவரைச் சுற்றிவரும் லிண்டல் பெல்ட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. 75 மி.மீ. கனம், இரண்டு 8 மில்லி கம்பி, 150 மி.மீ. இடைவெளியில் 6 மில்லி வளையம். நான்கு சுவரையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான்.

ஒரே ஒரு சோதனை போதும் என்றால், அது கான்கிரீட்டுக்கு முந்தின நாள் சோதனைதான். கம்பி கட்டி முடித்ததும் டேப்பை மேலே விரித்து, கம்பியை அடித்தகட்டில் படாமல் உயர்த்தி வைக்கும் கவர் பிளாக் தெரியும்படி நான்கு மூலையிலும் இடக்குறியோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். 24 மணி நேரத்தில் ஒன்றியப் பொறியாளர் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தாமதத்தின் பொறுப்பு அலுவலகத்துடையது. கூரைத் தவணைக்கு இந்தப் படத்தோடு, 14-ஆம் நாள் முட்டு நிற்கும் படத்தையும் கேட்கட்டும். சுயசான்று வீடுகளுக்கும் இதே படங்களை அதே ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றும் வசதியைச் செய்து தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்களும் கொத்தனார்களும்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்