காட்டெருமைக்குக் கம்பியும் சிமென்ட்டும் தாருங்கள்

கோத்தகிரிச் சுற்றுவட்டாரப் பெரியோர்களுக்கும், எஸ்டேட் தொழிலாளர்களுக்கும், பிழைப்புக்காகக் கீழே இறங்கிப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் நூலக முற்றத்தில் தோளளவில் ஆறடி உயரமும் ஒன்பதடி நீளமும் உள்ள காட்டெருமைச் சிற்பம் ஒன்றையும், தாழ்வாரச் சுவரில் ஏழு தகர ஓவியங்களையும் வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். இதைச் செய்ய வரும் சிற்பி, வீடு கட்ட வாங்கும் சாமான்களிலேயே வேலை செய்பவர். முறுக்குக் கம்பி, கோழி வலை, சிமென்ட், தகரம், தார், அவ்வளவுதான். சிமென்ட் சிலையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ராம்கிங்கர் பைஜ் 1938-ல் சாந்திநிகேதனில் செய்த சந்தால் குடும்பச் சிற்பம் சிமென்ட்டும் செம்புறாங்கல் சல்லியும்தான்.

மொத்தச் செலவு ₹1,80,000. கையில் ₹64,000 இருக்கிறது. இன்னும் ₹1,16,000 வேண்டும். இதில் சிமென்ட், கம்பி, வலை, மணல், ஜல்லி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவரும் லாரி வாடகை எல்லாம் சேர்த்தே ₹30,000-தான். வெல்டிங், கொத்தனார் கூலி ₹45,000, சிற்பியின் ஊதியம் ₹70,000, ஓவியங்களுக்கு ₹25,000, சாரம், தார்ப்பாய், சாக்கு ₹10,000. கூலியைக் குறைத்துக் கேளுங்கள் என்று சிலர் சொன்னார்கள். குறைக்கவில்லை. காரணம் கீழே இருக்கிறது.

மலையில் சிமென்ட் சிலை பெரும்பாலும் காலில்தான் கெடும். தரை ஈரம் மேலேறி உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும், பூச்சு பிளக்கும். அதனால் பத்துக்கு நான்கடியில் எட்டு அங்குலக் கான்கிரீட் தளம் போட்டு, தரைமட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே நிறுத்துகிறோம். காலுக்கு நான்கு 12 மி.மீ. கம்பி தளத்துக்குள் இறங்கும். உடல் வளையங்களுக்கு 8 மி.மீ. இரண்டும் சேர்ந்து சுமார் 120 கிலோ. அதன்மேல் துத்தநாகம் பூசிய கோழி வலை நான்கு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுப் போட்டு 600 சதுர அடி. கட்டுக்கம்பியால் நான்கு விரற்கடைக்கு ஒரு முடிச்சு. முடிச்சு தளர்ந்தால் வலை தொங்கி, பூச்சுக்குப் பின்னால் வெற்றிடம் விழும். காய்ந்தபின் தட்டிப் பார்த்தால் டொக்கென்று காட்டிக்கொடுக்கும்.

கலவை, சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு. மணல், பூச்சு வேலைக்கென்று கல்லை அரைத்து எடுக்கும் பி-சாண்ட். மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீர். மூடாமல் கிடந்த மணல் மூடுபனியிலேயே நனைந்திருக்கும், அன்று அதற்கேற்பக் குறைக்க வேண்டும். தடிமன் 25 மி.மீ. இதை ஒரே நாளில் பூசி முடித்தாக வேண்டும். நேற்றுப் பூசியதோடு இன்றைய பூச்சு சரியாகச் சேராது, மழைத் தண்ணீர் அந்த வரியில்தான் நுழையும். ஆகவே ஆறு கொத்தனார்: வெளியே ஒருவர் கலவையை அழுத்த, திறந்து வைத்த வயிற்றுக்குள்ளிருந்து இன்னொருவர் பலகையை அண்டக்கொடுக்க வேண்டும். கூலி இங்கேதான் போகிறது.

கறுப்புக்குப் பெயின்ட் இல்லை. மேல்பூச்சிலேயே சிமென்ட் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு கறுப்பு ஆக்ஸைடு என்ற நிறத்தூள். முழங்காலுக்குக் கீழே அந்த வெள்ளைக் காலுறைக்கு வெள்ளைச் சிமென்ட்டும் மார்பிள் தூளும்.

மார்கழி, தைக் குளிரில் சிமென்ட் இறுகவே நாளாகும். பூச்சு மார்ச்சில். பிறகு பதினான்கு நாள் ஈரச் சாக்கு காயவே கூடாது. காலை மாலை தண்ணீர் ஊற்ற முறைவைத்து வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். பணத்துக்கு நிகரான உதவி இது.

பொருளாகத் தருபவர்கள் கவனிக்க. சிமென்ட் மூட்டையை இப்போதே இறக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் கட்டிதட்டிவிடும். பன்னிரண்டு மூட்டைக்கும் பணமாகத் தாருங்கள். கொம்புக்குப் பழைய பைப் வேண்டும், ஆனால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வேண்டாம், பூச்சில்லாத கறுப்பு பைப்பே தேவை. உலர்ந்த மணலை உள்ளே அடைத்துச் சூடேற்றி வளைக்கும்போது ஜி.ஐ. பைப்பிலிருந்து துத்தநாகப் புகை கிளம்பும்.

ஓவியத்துக்கு எஸ்டேட் லயன் வீட்டுப் பழைய தகரம் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்வோம். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு மட்டும் வேண்டவே வேண்டாம். உரசினால் வரும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். துத்தநாகத் தகரத்தில் நேராக எனாமல் அடித்தால் உரிந்துவிடும். எனாமல் பிடிக்க முதலில் அடிக்கும் எட்ச் பிரைமர் கட்டாயம், ₹25,000-ல் ஒரு பகுதி அதற்கே. தார் பூசும் இடங்கள் கடைசியில். தாரின்மேல் எனாமல் பட்டால் பழுப்பாகக் கசியும்.

தளமும் கம்பி எலும்புக்கூடும் பிப்ரவரிக்குள் முடிய வேண்டும் என்பதால், கம்பிக்கும் வெல்டிங்குக்குமான பணம் ஜனவரி 15-க்குள் வந்தால் நல்லது. ஒரு கிலோ கம்பி ₹70, ஒரு மூட்டை சிமென்ட் ₹420 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வரவு செலவு மாதாமாதம் நூலகப் பலகையில் ஒட்டப்படும். பொருளாளர் கையெழுத்திட்ட எண்ணுள்ள ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சிற்பப் பணிக் குழுவினர்