63 வயசு வரைக்கும் ஏன் காக்க வெச்சோம்? ஸ்கிரீன் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு திறந்த மடல்

இந்த நாட்டுல படத்துக்கும் சீரியலுக்கும் அரசாங்கப் பணம் குடுக்கற ஸ்கிரீன் ஆஸ்திரேலியா நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கும், அங்க உக்காந்து ஸ்கிரிப்ட் படிச்சு எதுக்கு காசு குடுக்கலாம்னு முடிவு பண்றவங்களுக்கும் வணக்கம்.

நான் சினிமாக்காரன் இல்ல. சிட்னி மேற்குப் பக்கம் குடும்பத்தோட இருக்கேன், இங்க வேலை பாத்து இங்கயே வரி கட்றேன், காசு சேத்து வெச்சு நாடகத்துக்கும் படத்துக்கும் டிக்கெட் வாங்கறேன். உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கணும். அதக் கேக்கறதுக்கு முன்னாடி நடிகை ஜாக்கி வீவர் பத்திப் பேசியே ஆகணும், ஏன்னா அவங்க வாழ்க்கைய வரிசையா எடுத்து வெச்சாலே என் கேள்வி தானா வந்துடும். அதோட இங்க இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு 'யெல்லோஸ்டோன்' சீரியல்ல கம்பெனி நடத்தற அந்த அம்மாவத் தெரியுது, ஆனா அவங்க இதே சிட்னியில பொறந்து வளந்தவங்கன்னு தெரியல.

1947 மே மாசம் பொறந்தவங்க. ஹார்ன்ஸ்பி கேர்ள்ஸ் ஹைஸ்கூல்ல படிச்சு, டீன் ஏஜ்லயே மேடை ஏறிட்டாங்க. 1971ல டிம் பர்ஸ்டால் எடுத்த 'ஸ்டோர்க்' வந்தப்போ ஆஸ்திரேலியாவுல சினிமாத் தொழில்னு பெருசா ஒண்ணும் கிடையாது, மெல்பர்ன்ல ஒரு சின்ன மேடையில ஓடின டேவிட் வில்லியம்சன் நாடகத்த எடுத்து கைக்காசு மாதிரி போட்டுப் பண்ண படம் அது, அதுக்கே இவங்களுக்கு ஏ.எஃப்.ஐ. விருது, இந்த நாட்டு சினிமாவோட பெரிய விருது அது. அப்புறம் 'ஆல்வின் பர்ப்பிள்', 'பீட்டர்சன்', 1975ல 'பிக்னிக் அட் ஹாங்கிங் ராக்'ல வேலைக்காரப் பொண்ணு மின்னி, 1976ல 'காடி'ல பார்ல வேலை பாக்கற ஜோஸி. அந்த ஜோஸிக்கும் ஏ.எஃப்.ஐ. விருது. இன்னிக்கு எல்லாரும் ஆஸ்திரேலிய சினிமாவோட மறுபிறப்புன்னு பெருமையா சொல்றோமே அந்த எழுபதுகள், அதுல எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் குள்ளமான, பெரிய கண்ணு வெச்ச பொண்ணு எங்கயாவது நிப்பாங்க.

மின்னிய ஒரு தடவ திரும்பப் பாருங்க. அந்தப் படத்துல ஸ்கூல் பொண்ணுங்க வெள்ளை டிரெஸ்ஸும் கவிதையுமா கனவுல நடக்கற மாதிரி நடப்பாங்க, அவங்க தங்கிப் படிக்கற அந்த வீட்டுல ஒடம்போட, பசியோட, சிரிப்போட இருக்கற ஒரே ஆள் இந்த வேலைக்காரப் பொண்ணு. பிக்னிக் போன எடத்துல காணாமப் போன ஸ்கூல் பொண்ணுங்களப் பத்தி ஊரே பதறுது, ஆனா ஒரு வீட்டோட நிஜமான வாழ்க்கை அடுப்படிப் பக்கமும் மாடிப்படிப் பக்கமும்தான் நடக்குதுன்னு அவங்க வர்ற சின்னச் சின்ன சீன்ல புரிஞ்சிடும். வசனம் கம்மி. குணச்சித்திர நடிப்புன்னா இதுதாங்க, கதை தன்னச் சுத்தி சுத்தலன்னாலும் தனக்குன்னு ஒரு முழு வாழ்க்கைய உள்ள கொண்டு வந்து வெச்சுட்டுப் போறது.

சரி, 1982ல 'ஸ்குவிஸி டெய்லர்'. அதுக்கப்புறம்?

அதுக்கப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம் பெரிய திரை இவங்களக் கூப்பிடவே இல்லன்னு சொல்லலாம். 1996ல 'கோஸி'ல செர்ரியா வந்தாங்க, அப்புறம் டிவில சிலது. மத்தபடி மேடை மேடை மேடைதான். திறமை எங்கயும் போயிடல, சிட்னியில மெல்பர்ன்ல நாடகம் பாக்கறவங்களுக்கு அது நல்லாவே தெரியும், வாரம் எட்டு ஷோ நடிக்கற ஒருத்தங்களுக்கு நடிப்பு துருப்பிடிக்காது. முப்பத்தஞ்சு வயசுலேந்து அறுபது வரைக்கும், ஒரு நடிகைக்கு முகமும் குரலும் அனுபவமும் சேந்து பழுக்கற அந்தக் காலம் பூரா, இந்த நாட்டு கேமரா வேற பக்கம் திரும்பி நின்னுச்சு. இத நெனைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. அந்தப் படங்கள இனிமே யாராலயும் எடுக்க முடியாது.

இங்க ஒரு ஒப்பீடு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. பிரையன் பிரவுன். அவரும் சிட்னிதான், அவரும் 1947தான், ஜாக்கி வீவர் பொறந்து ஒரு மாசம் கழிச்சுப் பொறந்தவர். 1980ல 'பிரேக்கர் மோரன்ட்', 1986ல 'எஃப்/எக்ஸ்', 1988ல 'கொரில்லாஸ் இன் த மிஸ்ட்', அதே வருஷம் 'காக்டெயில்', 1999ல 'டூ ஹேண்ட்ஸ்', 2008ல 'ஆஸ்திரேலியா'. நல்ல நடிகர், எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவருக்குக் கெடச்சத நான் குறை சொல்லல. ஆனா ஒரே ஊர், ஒரே வயசுக்காரங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு முகத்துல சுருக்கம் விழ விழ ரோல் வந்துக்கிட்டே இருந்துச்சு, இன்னொருத்தங்களுக்கு நின்னு போச்சு. இதுக்கு என்ன காரணம்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அப்புறம் 2010. டேவிட் மிஷோட்னு ஒரு புது டைரக்டர், அவரோட முதல் முழு நீளப் படம் 'அனிமல் கிங்டம்'. மெல்பர்ன்ல ஒரு கிரிமினல் குடும்பம், 1988ல நடந்த வால்ஷ் ஸ்ட்ரீட் போலீஸ் கொலைகள மனசுல வெச்சு எழுதின கதை. ஜனீன் கோடி, எல்லாரும் கூப்பிடற பேர் ஸ்மர்ஃப், அந்தக் குடும்பத்தோட அம்மா, இந்த ரோல ஜாக்கி வீவர மனசுல வெச்சுத்தான் எழுதினார். இந்தப் படத்துக்கு காசு போட்டதுல நீங்களும் உண்டு, ஸ்கிரீன் ஆஸ்திரேலியா பேர் டைட்டில்லயே இருக்கு. அதுக்கு உங்களுக்கு மனசார நன்றி சொல்றேன்.

அந்தப் படத்துல அவங்க என்ன பண்ணாங்கன்னு சொல்லாம நகர முடியல. மகனுங்கள வாயில முத்தம் குடுப்பாங்க, சாதாரண அம்மா முத்தம்தான், ஆனா ஒரு செகண்ட் கூடுதலா நிக்கும், அந்த ஒரு செகண்ட்லயே அந்த வீட்டுல ஏதோ சரியில்லன்னு நம்ம வயித்துக்குத் தெரிஞ்சிடும். படம் பாதி போற வரைக்கும் ஓரமா சிரிச்சுக்கிட்டு கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, நாமளும் இந்தக் கூட்டத்துல பாவம் ஒரு பாட்டின்னு விட்டுடுவோம். அப்புறம் சொந்தப் பேரன் சாட்சி சொல்லப் போறான்னு தெரிஞ்சதும் அவனத் தீத்துக்கட்ட ஏற்பாடு பண்றது இவங்கதான். ஒரு போலீஸ்காரன மடக்கி உதவி கேக்கற சீன்ல குரல் ஒரு இழை கூட ஏறாது. அதே சிரிப்பு, அதே செல்லமான பேச்சு, கண்ணு மட்டும் சிமிட்டாம அவன் மேலயே நிக்கும். மிரட்டறாங்கன்னு அந்த ஆளுக்கு லேட்டாத்தான் புரியும். அந்த முகத்துல சினிமாத்தனமான வில்லி யாரும் இல்ல, பக்கத்து வீட்டுல கேக் செஞ்சு எடுத்துட்டு வர்ற அம்மா இருக்காங்க, அதனாலதான் அவ்வளவு பயமா இருக்கு. இன்னொண்ணு, 'கோஸி'ல கூட நடிச்ச அதே பென் மெண்டல்சன்தான் இதுல இவங்களோட மூத்த மகன் போப், அந்த ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வந்தா மூச்சு விடவே தோணாது.

அமெரிக்காவுல நடக்கற சண்டான்ஸ் திரைப்பட விழாவுல உலக சினிமா ஜூரி பரிசு. ஏ.எஃப்.ஐ.யில 10 விருது, அதுல சிறந்த நடிகை இவங்க. 2011ல ஆஸ்கார் நாமினேஷன், வயசு 63. அந்த வருஷம் விருது மெலிஸா லியோவுக்குப் போச்சு, பரவாயில்ல. ரெண்டே வருஷத்துல 'சில்வர் லைனிங்ஸ் ப்ளேபுக்'குக்கு ரெண்டாவது நாமினேஷன். நடிப்புக்கான நாலு பிரிவுலயும் ஒரே படம் நாமினேட் ஆனது 1981ல வந்த 'ரெட்ஸ்'க்கு அப்புறம் அதுதான் முதல் தடவ, அந்த நாலுல ஒண்ணு சிட்னிக்காரங்களோடது. ராபர்ட் டி நீரோவுக்கு மனைவியா, ஃபிலடெல்ஃபியாவுல ஒரு வீட்டுல மேட்ச் நாளுக்குத் தீனி செஞ்சுக்கிட்டே புருஷன் ஒரு பக்கம் மகன் ஒரு பக்கம்னு ரெண்டு பேரையும் கட்டி மேய்க்கற அம்மா. அப்புறம் பார்க் சான்-வூக், வூடி ஆலன், ஸ்டீவ் மெக்வீன்னு வரிசையா அத்தன டைரக்டர்ங்க படத்துலயும் வந்தாங்க. இதுக்கு நடுவுல சிட்னி தியேட்டர் கம்பெனியோட 'அங்கிள் வான்யா'ல கேட் பிளான்செட், ஹியூகோ வீவிங், ரிச்சர்ட் ராக்ஸ்பர்க் கூட வயசான ஆயா மரீனாவா நடிச்சு, அந்த நாடகம் வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் போச்சு. ஆஸ்கார் மேடைக்குப் போன நடிகை ஒரு ஆயா ரோல்ல ஓரமா உக்காந்து பின்னல் பின்னுற வேலைய சின்னதா நெனைக்கல பாருங்க, அதுதான் நாடகத்துல வளந்த ஆளோட குணம்.

இதுல சந்தோஷப்படறதுக்கு எவ்வளவோ இருக்கு. ஆனா என்ன உறுத்தறது வேற. 2009ல இருந்த திறமை 1995லயும் இருந்துச்சு. ஸ்மர்ஃப்னு ஒரு ரோல் காகிதத்துல வந்ததுதான் வித்தியாசம். நடிகை தயாரா இருந்தாங்க, எழுதினவங்கதான் இல்ல, எழுதறதுக்குக் காசு குடுத்தவங்களும் இல்ல.

எழுதினா ஜனங்க பாப்பாங்களான்னு கேட்டீங்கன்னா, நடிகை ரூத் கிராக்னெல உதாரணமா சொல்லலாம். 1984ல அரசு டிவியான ஏ.பி.சி.யில 'மதர் அண்ட் சன்' சீரியல் ஆரம்பிச்சப்போ அவங்க அறுபதத் தொடப் போறவங்க, ஞாபகம் தப்பிப் போற, புத்திசாலியான, மகன ஆட்டிப் படைக்கற மேகிங்கற அம்மா ரோல். பத்து வருஷம் அந்த வீட்டு ஹால்லயும் சமையல்கட்டுலயும் நடந்த சண்டைய நாடே பாத்துச்சு, இன்னிக்கும் வயசான ஆஸ்திரேலியர்கள்கிட்ட அந்தப் பேரச் சொன்னா முகம் மலரும். ஜெஃப்ரி ஆதர்டன்னு ஒரு ரைட்டர் எழுதினார், ஏ.பி.சி. நம்பிச்சு, அவ்வளவுதான் தேவப்பட்டுச்சு. நாடக உலகம் இப்பவும் நம்புது, 2022ல சிட்னி தியேட்டர் கம்பெனி அறுபது தாண்டின ஹெதர் மிட்செல தனி ஆளா மேடையில நிறுத்தி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ரூத் பேடர் கின்ஸ்பர்க் வாழ்க்கைய முழு நாடகமா போட்டுச்சு, ஒத்த மனுஷி ஒரு சாயங்காலம் பூராவும் அந்த அரங்கத்தக் கையில வெச்சிருந்தாங்க.

நம்ம ஸ்கிரீன் பக்கம் வந்தா தயக்கம். 2019ல ஸ்டான் ஓடிடில வந்த 'ப்ளூம்' சீரியல் நெனவிருக்கா? ஜாக்கி வீவரும் பிரையன் பிரவுனும் புருஷன் பொண்டாட்டி, கடைசில ஒரே வயசுக்காரங்கள ஜோடியா போட்டாங்களேன்னு சந்தோஷமா உக்காந்தேன். வீவர் நடிச்ச க்வென்னுக்கு மறதி நோய். வெள்ளத்துக்கு அப்புறம் முளைச்ச ஒரு செடி ஆளுங்கள இளமையாக்குது, க்வென் இளமையாகிடறாங்க, உடனே அந்த ரோல் ஃபீபி டோன்கின் கைக்குப் போயிடுது. ஃபீபி நல்லாவே நடிச்சிருக்காங்க, கதையும் அப்படித்தான் கேக்குது, எல்லாம் சரி. இருந்தாலும் வயசாகறதப் பத்தியே ஒரு கதை எழுதும்போது கூட வயசான நடிகைய வீட்டுக்கு அனுப்பற மாதிரி ஒரு ஐடியாதான் வருதுன்னா, இது எவ்வளவு ஆழமா ஊறியிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

நீங்க ஒண்ணும் பண்ணலன்னு சொல்ல வரல. 2015 டிசம்பர்ல 'ஜெண்டர் மேட்டர்ஸ்'னு 50 லட்சம் டாலர் ஒதுக்கி பெண் ரைட்டர், டைரக்டர், தயாரிப்பாளர்கள முன்னுக்குக் கொண்டு வர்ற திட்டம் ஆரம்பிச்சீங்க. அது நல்ல வேலை. அது முக்கியமா கேமராவுக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கு. நான் கேக்கறது கேமராவுக்கு முன்னாடி நிக்க வேண்டிய, ஐம்பது தாண்டின பெண்கள் பத்தி.

ஸ்கிரிப்ட் வளக்கறதுக்குப் பணம் கேட்டு ஒரு கதை உங்க மேசைக்கு வரும்போது ஒரு கேள்வி கேளுங்க: இதுல ஐம்பது தாண்டின பெண் யாரு, அவங்களுக்கு என்ன வேணும், அத அடையறதுக்கு அவங்க என்ன பண்றாங்க? ஹீரோயினோட அம்மான்னு மட்டும் பதில் வந்தா பத்தாது. ஸ்மர்ஃபும் அம்மாதான், மேகியும் அம்மாதான், ஆனா ரெண்டு பேருக்கும் தனக்குன்னு ஒரு வெறி இருந்துச்சு, கதையத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. கூடவே இன்னொண்ணு, மேடையில பல வருஷம் நின்ன ஒரு நடிகைய மனசுல வெச்சு, அவங்க கூட உக்காந்து பேசி, ஒரு ரோல எழுதறதுக்குன்னே இளம் ரைட்டர்களுக்கு ஒரு தனித் தொகை ஒதுக்குங்க. மிஷோட் தானா செஞ்சத நீங்க ஒரு வழக்கமாவே ஆக்கலாம். பெரிய பணம் தேவையில்ல, எழுதற கட்டம்தான் ஒரு படத்துலயே மலிவான கட்டம்.

இப்பவே ஆள் இருக்காங்க. டெபோரா மெயில்மேன் 1998லயே 'ரேடியன்ஸ்'க்கு சிறந்த நடிகை ஏ.எஃப்.ஐ. வாங்கின முதல் பழங்குடிப் பெண், 'டோட்டல் கன்ட்ரோல்'ல செனட்டரா அவங்க பேசறதப் பாத்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, அவங்களுக்கு இப்போ ஐம்பது தாண்டிடுச்சு. லியா பர்செல் தனக்கு வேணும்ங்கற ரோல தானே எழுதி, நாடகமாப் போட்டு, 'த ட்ரோவர்ஸ் வைஃப்' படமாவும் தானே டைரக்ட் பண்ணி நடிச்சாங்க. அந்த உழைப்புக்குத் தலை வணங்கறேன், ஆனா எல்லா நடிகையும் ரைட்டராவும் டைரக்டராவும் ஆகி வந்தாத்தான் கதவு திறக்கும்னா அது நியாயமில்ல.

அடுத்த ரவுண்டு முடிவு பண்ணி அறிவிப்பு போடறப்போ, காசு கெடச்ச கதைகள்ல எத்தனைல இந்த வயசுப் பெண்கள் முக்கியமான ரோல்ல இருக்காங்கங்கற எண்ணிக்கையையும் சேத்து வெளியிடுங்க. நான் படிப்பேன், என்ன மாதிரி டிக்கெட் வாங்கற நெறைய பேரும் படிப்பாங்க, உங்க பதிலுக்கு இதே இடத்துல காத்துக்கிட்டிருக்கேன்.

இப்படிக்கு,
மேற்கு சிட்னியிலேந்து ஒரு ரசிகன்