பாதியில் நின்ற பாறைகளை முதலில் பார்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பயணப் பட்டியலைப் பார்த்தேன். ஜோர்டானின் பெட்ரா, எகிப்தின் அபு சிம்பெல், எத்தியோப்பியாவின் லாலிபெலா, நம்மூர் எல்லோரா. பாறையைக் குடைந்தே உருவாக்கிய நாலும் நல்ல இடங்கள்தான். ஆனால் நீ பார்க்கப்போவதெல்லாம் வேலை முடிந்த பாறைகள். அவற்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "இதை எப்படித்தான் செய்தார்களோ!" என்ற ஒரே கேள்வியோடு திரும்புகிறார்கள். சிலர் பதிலுக்கு வேற்றுக்கிரகவாசிகளையே இழுத்துவருகிறார்கள். பதில் இருப்பது பாதியில் கைவிட்ட பாறைகளில். அவற்றில் இரண்டையாவது பட்டியலில் சேர்த்துக்கொள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலாவது, சவூதி அரேபியாவின் ஹெக்ரா. பெட்ராவைக் குடைந்த நபதேயர்கள் என்ற பண்டைய அரபு மக்களின் இன்னொரு நகரம். மணலுக்கு நடுவே ஒற்றைப் பாறை ஒன்று தனியாக நிற்கும். அதன் முகத்தில் ஒரு கல்லறை. கஸ்ர் அல்-ஃபரீத் என்கிறார்கள். உச்சியில் படிக்கட்டு வடிவ அலங்காரம் துல்லியமாக இருக்கும். கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வா. வழவழப்பு குறையும், உளித்தடம் பெரிதாகும், அடியில் வெறும் கரடுமுரடு. வேலை எந்தத் திசையில் நடந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீடு கட்டுகிறவன் கீழிருந்து மேலே போகிறான். பாறையைச் செதுக்குகிறவன் மேலிருந்து கீழே வருகிறான். அடியில் இன்னும் வெட்டாமல் கிடக்கும் பாறைதான் அவன் நிற்கும் சாரம். வெட்டிய சில்லு கீழே விழுந்தாலும் அங்கே கெட்டுப்போக இன்னும் சிற்பம் எதுவும் இல்லை. எவ்வளவு எளிமையான கணக்கு! கழுகுமலை வெட்டுவான் கோயிலும் இதே கதைதான். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் கோயில்; சிகரம் அத்தனை அழகாக முடிந்திருக்கும், அடிப்பகுதி பாறையாகவே நின்றுவிட்டது.

இதைப் பார்த்த கண்ணோடு எல்லோராவின் கைலாசநாதர் கோயிலுக்குப் போ. ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில் அது. பெரும்பாலோர் நேராக வாசலில் நுழைந்துவிடுகிறார்கள். பக்கத்துக் குன்றில் ஏற வழி திறந்திருந்தால் முதலில் அங்கே ஏறி, மேலிருந்து பார். மலைக்குள் பள்ளம் வெட்டி, நடுவில் மிச்சம் விட்டதுதான் கோயில் என்பது அங்கிருந்துதான் தெரியும். லாலிபெலாவில் சிலுவை வடிவத்தில் இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயமும் அப்படித்தான். கூரை உன் காலடி மட்டத்தில் இருக்கும். அங்குள்ள 11 தேவாலயங்களிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டுப் போ.

இரண்டாவது, எகிப்தின் அஸ்வான். அங்கே பழைய கல்குவாரியில் ஒரு தூபி, அதாவது ஒரே கல்லில் வெட்டும் உயர்ந்த நான்முகத் தூண் (obelisk), படுத்துக்கிடக்கிறது. முடிந்திருந்தால் சுமார் 42 மீட்டர் நீளம், 1,000 டன்னுக்கு மேல் எடை. வேலை நடந்துகொண்டிருந்தபோதே கல்லில் விரிசல் தெரிந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். கருங்கல்லில் செம்பு உளி வேலைக்கு ஆகாது. அதனால் டோலரைட் என்ற இன்னும் கடினமான கல்லை உருண்டை உருண்டையாகக் கையில் பிடித்து, இடித்து இடித்தே பாறையைப் பொடியாக்கியிருக்கிறார்கள். தூபியைச் சுற்றி ஆள் இறங்கும் அளவுக்கு அகழி. அதன் சுவரில் வரிசையாக உள்வாங்கிய குழிவுகள். எனக்கு அபு சிம்பெலைவிட இதுதான் நெஞ்சில் நின்றது. இப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அபு சிம்பெலுக்கும் அஸ்வானிலிருந்துதான் போவாய். அணை நீரில் மூழ்காமலிருக்க 1964 முதல் 1968 வரை அந்தக் கோயிலையே துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்தார்கள் என்பது தெரிந்ததுதானே? கருவறையில் வெயில் விழும் பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய இரு நாட்களையும் தவிர்த்துவிடு. கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பாய்.

பெட்ராவைக் கடைசியில் வை. அங்கே பாறை முகப்பில் செதுக்கிய பிரபலமான கஸ்னாவின் முன் நின்றதும் எல்லாரும் நடுவில் இருக்கும் தூண்களைப் படமெடுப்பார்கள். நீ இரு ஓரங்களைப் பார். ஏணிப்படி மாதிரிக் குழிகள் வரிசையாக மேலே ஏறிப் போகும். வேலை செய்தவர்கள் ஏறி இறங்க வெட்டியவை என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். உச்சியில் உள்ள கலசத்தில் துப்பாக்கிக் குண்டுத் தழும்புகளும் இருக்கும். உள்ளே புதையல் இருப்பதாக நம்பிச் சுட்டிருக்கிறார்கள். உள்ளே முழுக்கக் கல்.

அப்புறம், ஒரு நல்ல டார்ச் எடுத்துக்கொள். எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அஜந்தாவுக்குத் திங்கள்கிழமை. பூட்டிய வாசலில் போய் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்