வேக வரம்பைக் கணிக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். எந்தச் சாலையில் ஓட்டுநர்கள் எவ்வளவு வேகத்தில் போவார்கள் என்று கணித்து, அதை வைத்து வேக வரம்பைப் பரிந்துரைக்கும் கணினி மாதிரியை உங்கள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்காக உருவாக்கி வருவதாகச் சொன்னாய். அப்பாவும் சாலைப் பணியில் இருந்தவன் என்பதால் சிலவற்றை எழுதுகிறேன்.

தடையின்றி ஓடும் நூறு வண்டிகளில் எண்பத்தைந்து எந்த வேகத்துக்குள் போகின்றனவோ, அதையொட்டி வரம்பு வைப்பது அமெரிக்காவின் நெடுநாள் வழக்கம். பெரும்பாலோர் நிதானமாகவே ஓட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் பிறந்த முறை அது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் வரம்பை உயர்த்தினால் ஓட்டுநர்களும் சற்றுக் கூட்டுகிறார்கள். மறுமுறை அளக்கும்போது அந்த எண்பத்தைந்து வண்டிகளின் வேக எல்லையும், அதாவது 85-ஆம் சதமானமும், ஏறியிருக்கிறது. அதைக் காட்டியே வரம்பு மீண்டும் உயர்கிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் இந்தச் சுழலைத்தான் சுட்டிக்காட்டியது.

உன் கணக்கு அளவெடுப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. நாங்கள் சாலையில் சுண்ணாம்பால் இரண்டு கோடுகள் போட்டு, ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்ப்போம். 50 மீட்டரை 3 நொடியில் கடந்தால் மணிக்கு 60 கிலோமீட்டர். நோட்டும் கையுமாக ஆள் நிற்பதைக் கண்டதும் ஓட்டுநர்கள் பிரேக்கில் கால் வைத்துவிடுவார்கள் என்பதால் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்போம். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காரைக் குறிக்க மாட்டோம், ஏனென்றால் அது அந்த லாரியின் வேகம்தான். இன்று கருவிகள் மாறியிருந்தாலும் இந்த இரண்டு பிழைகளும் அப்படியே இருக்கின்றன. உன் தரவில் அவை நுழைந்திருக்கின்றனவா என்று முதலில் பார்.

சராசரி வேகம் 5 சதவீதம் கூடினால் உயிரிழப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடும் என்பது ஸ்வீடனின் யோரான் நில்சன் வகுத்த நான்காம் அடுக்கு விதியிலிருந்து, அதாவது வேகம் கூடும் மடங்கை நான்கு முறை பெருக்கினால் உயிரிழப்பு கூடும் மடங்கு கிடைக்கும் என்ற விதியிலிருந்து, வரும் கணக்கு. அந்த உயிர்களில் நடந்து போகிறவர்களும் உண்டு. அவர்களோ வேகத் தரவில் எந்த வரிசையிலும் வருவதில்லை. ஆகையால் பாதையின் அகலம், வளைவு, குறுக்குச் சாலைகள் ஆகியவற்றோடு பேருந்து நிறுத்தத்தையும் பள்ளி வாசலையும் தனித்தனியாகக் குறித்து வை. அறிக்கையில், ஓட்டுநர்கள் போகக்கூடிய வேகத்தையும் நீ பரிந்துரைக்கும் வரம்பையும் பிரித்தே எழுது; இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் பலகையை மட்டும் மாற்றினால் போதாது, பாதையைக் குறுக்கியோ நடுத்திட்டு அமைத்தோ சாலையையே திருத்த வேண்டும் என்று தயங்காமல் சொல்.

அன்புடன்,
அப்பா