வாசகர் வட்ட ஆண்டறிக்கை: போர்க்கதை சொல்பவர் எங்கே நின்றார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான நம் வட்டத்தின் பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்; அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கூட்டங்கள் வழக்கம்போல மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, கிளை நூலக மாடியில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையில் போயிற்று. தேர்வுக் காலத்தில் மாணவ உறுப்பினர்கள் வரவில்லை, அது எல்லா ஆண்டும் உள்ளதுதான். மாடிக்குப் புது மின்விசிறிகள் வந்திருக்கின்றன. உபயதாரர் தம் பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆண்டு முழுக்க ஒரே பொருளை எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். பொருள், போர் இலக்கியம். போரைச் சொல்பவர் யார், போர் நடந்தபோது எங்கே இருந்தார், கதையை யார் வாயால் சொல்ல வைக்கிறார் என்பதைப் பேசுவதாகத் திட்டம். எதிர்ப்பும் இருந்தது. "ஆசிரியரோட ஜாதகத்தைப் பாத்துட்டா கதை படிக்கிறது?" என்று நம் மூத்த உறுப்பினர் கேட்டார். கடைசிவரை அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. கூட்டங்களில் யாரும் தூங்காமல் இருந்ததற்கு அவரே காரணம் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

கலிங்கத்துப்பரணியில் தொடங்கினோம். செயங்கொண்டார் முதல் குலோத்துங்கனின் அவைப் புலவர். பாடியது கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர். வென்ற அரசனிடம் சோறு உண்டவர் வேறென்ன பாடுவார் என்று சிலர் முன்பே முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் பரணியில் போர்ச் செய்தியைச் சொல்வது ஒரு பேய். கலிங்கத்திலிருந்து வந்து காளியின் முன் நின்று சொல்கிறது. களத்தில் செத்தவர்களின் உடலைக் கொண்டு கூழ் சமைத்து உண்ணும் பேய்க்கு எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கூழ் உறுதி! தோற்று ஓடும் கலிங்க வீரர்கள் வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையாடப் போகும் வழியில் மாட்டிக்கொண்டோம் என்று கெஞ்சும் இடத்தில் எல்லோரும் சிரித்தோம். அந்த நாணைக் கழற்றிய ஆள் ஊர் போய்ச் சேர்ந்தானா, வீட்டில் என்ன சொன்னான் என்று யாராவது பாடியிருக்கிறார்களா என்று ஓர் அம்மா கேட்டார். ஆண்டின் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

முதல் உலகப்போருக்கு இரண்டு கூட்டங்கள் ஒதுக்கினோம். எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் குவயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்', எர்ன்ஸ்ட் யுங்கரின் 'ஸ்டார்ம் ஆஃப் ஸ்டீல்' என இரண்டு நூல்கள். ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார்கள். இருவரும் ஜெர்மானியர், இருவரும் இருந்தது பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்த மேற்குப் போர்முனை, வயதிலும் மூன்று ஆண்டுதான் வித்தியாசம். அதனால்தான் இந்த ஜோடியைப் பிடித்தோம். யுங்கர் 1914-லேயே தானாகப் போய்ச் சேர்ந்தவர். அதிகாரியாக உயர்ந்தார், 14 காயம் பட்டதாக அவரே கணக்குச் சொல்கிறார், 1918-ல் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதும் வாங்கினார். போர்முனையிலேயே எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து 1920-ல் நூலை வெளியிட்டார். ரெமார்க் கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர். 1917 ஜூனில் முனைக்குப் போனார். ஜூலை 31-ல் காலிலும் கையிலும் கழுத்திலும் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிதான். அவருடைய நாவல் பத்து ஆண்டு கழித்து, அவர் பத்திரிகை வேலையில் இருந்தபோது எழுதியது. 1928 கடைசியில் தொடராகவும் 1929-ல் நூலாகவும் வந்தது.

ஆக, நான்கு ஆண்டு நின்றவர் ஒருவர், இரண்டு மாதம்கூட நிற்காதவர் இன்னொருவர். ஆனால் உலகம் அதிகம் படித்தது இரண்டாமவரை. இது நியாயமா என்பதில் நூலகர் விளக்கை அணைக்க வரும்வரை வாக்குவாதம்.

நம் உறுப்பினர்களில் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் உண்டு. பொதுவாக வாய் திறக்க மாட்டார். அன்று பேசினார். "யுங்கர் எழுதினதுல பொய் இருக்கிற மாதிரி தெரியல. ஆனா அவர் ஆபீசர். நாளைக்கு எங்க போகணும்னு ஆபீசருக்குத் தெரியும். ஜவானுக்கு இன்னைக்கு என்ன சாப்பாடுன்னுதான் தெரியும்" என்றார். பிறகு ரெமார்க் நாவலின் முதல் அத்தியாயத்தை விரித்து வைத்துக்கொண்டு விளக்கினார். சமையல்காரர் 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார். முனையிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். மற்ற 70 பேரை நினைத்து அந்த இடத்தில் ஒரு புலம்பல் கிடையாது. மிஞ்சியதெல்லாம் நமக்குத்தானே, இரட்டைப் பங்கு உண்டுதானே என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்கிறார்கள்; 80 பேருக்கு 150 பேர் சாப்பாட்டைக் கொடுக்க முடியாது என்று சமையல்காரர் மறுக்கிறார்; தகராறு முற்றுகிறது. "லங்கர் வரிசையில நின்னவனுக்குத்தான் இது புரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ராணுவச் சமையற்கூடத்தை அவர்கள் லங்கர் என்பார்கள்.

அந்த விளக்கத்துக்குப் பிறகு மற்ற இடங்களும் எங்களுக்குத் திறந்துகொண்டன. கெம்மரிக் என்ற வீரன் கால் போய்ப் படுக்கையில் கிடக்கும்போதே அவனுடைய நல்ல பூட்ஸ் மேல் கூட்டாளி முல்லருக்குக் கண். முல்லர் செத்த பிறகு அது கதையைச் சொல்லும் பால் என்ற இளைஞனிடம் வருகிறது. பால் பெரும்பாலும் 'நாங்கள்' என்றே பேசுகிறான். கூட இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக 'நான்' மட்டும் மிஞ்சுகிறது. கடைசியில் அவனும் விழ, அந்தச் செய்தியை வேறொரு குரல் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. யுங்கரில் தொடக்கம் முதலே 'நான்'தான். அந்த 'நான்' பிழைத்துவிடுவான் என்பது நமக்குத் தெரியும். முனையில் எத்தனை நாள் இருந்தார்கள் என்ற கணக்கைவிட, எந்தப் பதவியில் இருந்தார்கள், எவ்வளவு காலம் தள்ளி எழுதினார்கள் என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. கூட்டத்தில் பாதிப்பேர் ஒப்புக்கொள்ளவில்லை. ரெமார்க்கின் நூலை 1933-ல் நாஜிகள் எரித்ததையும், நாட்டைவிட்டுப் போயிருந்த அவருக்குப் பதில் போல 1943-ல் அவருடைய தங்கைக்கு மரண தண்டனை நிறைவேற்றியதையும் தலைவர் எடுத்துச் சொன்னபோது மட்டும் எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள்.

மூத்த உறுப்பினர் செப்டம்பருக்காகவே காத்திருந்தார் போலும். ஸ்டீஃபன் கிரேனின் 'த ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' நாவலோடு வந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது, கிரேன் பிறந்தது 1871-ல், நாவல் வந்தது 1895-ல். எழுதும்வரை போர்க்களத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவரும் போரில் இருந்தவர் என்றே பலர் நம்பினார்கள். "இப்ப ஜாதகம் என்ன சொல்லுது?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். கல்லூரி மாணவி ஒருவர்தான் பதில் வைத்திருந்தார். பழைய வீரர்கள் பத்திரிகையில் எழுதிய நினைவுக்குறிப்புகளைக் கிரேன் படித்திருக்கிறார். எந்தப் படை எங்கே நகர்ந்தது என்று எழுதுகிறார்களே ஒழிய, மனசுக்குள் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே என்று அலுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் நாவல் ஒரு பையனின் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சண்டை வந்தால் ஓடிவிடுவோமா என்று பயப்படுகிறான், ஓடியும் விடுகிறான். போருக்குப் போகாததும் ஒரு பின்னணிதான் என்று அந்த மாணவி முடித்தார். மூத்தவர் கைதட்டினார், கட்சி மாறவில்லை.

அடுத்து பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சீவிச். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படையில் இருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பேச வைத்துத் தொகுத்த நூல், 1985-ல் வந்தது. அவருக்கு 2015-ல் நோபல் கிடைத்தது. பிறந்தது போர் முடிந்து மூன்று ஆண்டு கழித்து, 1948-ல். அவர் தன் குரலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்கிறார். வெட்டப்பட்ட பின்னல், காலுக்குப் பொருந்தாத பூட்ஸ், ஆண்களின் உள்ளாடை என்று வரும் பேச்சில், தளபதிகளின் பெயர்களுக்கு இடமே இல்லாமல் போகிறது. ஒரு பெண், முந்தின ராத்திரி முழுக்கக் கணவர் தன்னை உட்கார வைத்துப் போர் வரலாற்றுப் புத்தகத்தைப் படிக்க வைத்தார் என்கிறார். மனைவி தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குப் பயம். களத்தில் இருந்தவருக்கே பாடம்! இந்த இடத்தில் நம் பெண் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததற்கு இந்த அறிக்கையில் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

ஜனவரியும் பிப்ரவரியும் ப. சிங்காரத்துக்கு. சிங்கம்புணரி நமக்குப் பக்கம் என்பதால் கூட்டம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள். அவர் இளவயதிலேயே சுமத்ராவின் மேடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். 1942-ல் ஜப்பானியர் அங்கே வந்ததையும் போனதையும் உள்ளிருந்து பார்த்தவர். ஊர் திரும்பிய பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார், தனியாளாகவே வாழ்ந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' முதலில் வந்தது, 'புயலிலே ஒரு தோணி' 1972-ல். இரண்டிலும் போருக்குப் போகிறவர்கள் வட்டிக்கடை ஆட்கள். பெட்டியடிப் பையனும் (பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்ப்பவன்) அடுத்தாளும் (கடை நடத்துபவருக்கு அடுத்த நிலை ஊழியர்) பேரேட்டை மூடிவைத்துவிட்டு நேதாஜியின் படையில் சேருகிறார்கள். டச்சுக்காரன், ஜப்பான்காரன், வெள்ளைக்காரன் என்று யார் ஆண்டாலும் கடை திறந்தாக வேண்டிய ஆட்களின் கண்ணில் அந்தப் போர் தெரிகிறது. வேறெந்த மொழி நாவலிலும் இந்த இடத்தில் நின்று உலகப்போரைப் பார்த்ததை நான் படித்ததில்லை.

'கடலுக்கு அப்பால்' நாவலில் செல்லையா படை கலைந்து பினாங்குக் கடைக்கே திரும்புகிறான். முதலாளிக்கு அவன் மேல் பிரியம் இருக்கிறது, ஆனால் மகள் மரகதத்தைக் கொடுக்க மாட்டார். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனிக் கடைக்குச் சரிப்பட மாட்டான் என்பது அவர் கணக்கு. தாத்தா அந்தக் காலத்தில் பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர் என்று சொன்ன ஓர் உறுப்பினர் இந்த இடத்தில் முதலாளி பக்கம் பேசினார். கடனை நயமாகப் பேசி வசூலிக்கிற தொழிலில், துப்பாக்கி பிடித்துப் பழகியவனை எப்படி நம்புவது என்று கேட்டார். அரங்கமே அவர் மேல் பாய்ந்தது. ஆனால் சிங்காரமும் அந்த முதலாளியைக் கெட்டவராக எழுதவில்லை. அந்தப் பெட்டியடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரால்தான் அப்படி எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

ஈழப்போர் எழுத்தை ஏன் சேர்க்கவில்லை என்று இளைஞர்கள் இருவர் எழுத்து மூலம் கேட்டிருந்தார்கள். கேள்வி நியாயமானது. ஒரு மாலைக் கூட்டத்துக்குள் அதைத் திணிக்க வேண்டாம் என்று செயற்குழு ஒதுக்கி வைத்தது. வரும் ஆண்டு முழுவதையும் அதற்கே தருவதாக முன்மொழிகிறோம். ஷோபாசக்தியின் 'கொரில்லா'வில் தொடங்கலாம் என்பது என் யோசனை. 2001-ல் வந்த அந்த நாவலில் கதைக்கு முன்னால் ஓர் அகதியின் விண்ணப்பம் நிற்கிறது. நம்ப மறுக்கும் அதிகாரியிடம் தன் போரைச் சொல்ல வேண்டியவன் எதைச் சொல்வான், எதை விடுவான் என்று முதல் கூட்டத்தில் பேசலாம். மாற்று யோசனை இருப்பவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள், பின்னால் வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டாம்.

மாடியைத் தந்துதவும் நூலகருக்கும், சுண்டலும் தேநீரும் தயாரித்துத் தந்த குடும்பங்களுக்கும் நன்றி. இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு அறிக்கை முடிந்ததும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். 'புயலிலே ஒரு தோணி'யின் வட்டப் பிரதி பிப்ரவரியிலிருந்து யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. வைத்திருப்பவர் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டால் போதும், விசாரணை கிடையாது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்