ஜாய்ஸ்டிக்கை மாற்ற வேண்டாம், புரோகிராமை மாற்றினால் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி, அதாவது காசு போட்டு நின்று ஆடும் வீடியோ கேம் பெட்டி மாதிரி ஒன்று, செய்வது பற்றிப் போன ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். பிளைவுட் அளவு, பட்டன் துளை, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் இணைப்பு எல்லாம் புரியும்படி இருந்தது. ஆனால் எட்டுத் திசை ஜாய்ஸ்டிக் போட்டிருந்தால் சந்து சந்தாக ஓடும் பேக்மேன் ஆட்டத்தை ஒழுங்காக ஆட முடியாது, நான்கு திசை ஸ்டிக் தனியாக வாங்குங்கள் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கையில் இருக்கும் காசையெல்லாம் போட்டு ஒரு பெட்டி செய்த பிள்ளைகள் அதை நம்பி இன்னொரு ஸ்டிக்குக்கும் செலவு செய்வார்கள். அது தேவையே இல்லை.

எட்டுத் திசை என்றாலும் ஸ்டிக்கின் அடியில் இருப்பது நான்கே மைக்ரோ சுவிட்ச்தான். மூலைக்குத் தள்ளும்போது பக்கத்துப் பக்கத்து சுவிட்ச் இரண்டும் சேர்ந்து அழுந்தும், அதைத்தான் மூலைத் திசை என்று ஆட்டம் எடுத்துக்கொள்கிறது. 1980இல் வந்த பேக்மேன், 1981இல் வந்த டாங்கி காங், ஃபிராகர் எல்லாம் நான்கு திசை ஸ்டிக்குக்காகச் செய்தவை. அந்த ஸ்டிக்குகள் மூலைக்குப் போகாது, அதனால் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அழுந்தினால் என்ன செய்வது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

எங்கள் வீட்டுப் பெட்டியில் இதை நேரில் பார்த்தேன். அக்கா மகன் பைதான் என்ற புரோகிராம் மொழியில் தானே எழுதிய, பேக்மேன் மாதிரியான ஒரு ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். "மாமா, மேல தள்ளுறேன், திரும்பவே மாட்டேங்குது" என்றான். அவன் கையைக் கவனித்தேன். வலப்பக்கம் பிடித்திருக்கும் ஸ்டிக்கை மேலே கொண்டுபோகும்போது கை நடுவுக்கு வந்து மேலே போவதில்லை, ஸ்டிக் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் சதுரத் தடுப்பின் ஓரத்தை ஒட்டியே வழுக்கிக்கொண்டு வலது மேல் மூலையில் போய் நிற்கிறது. வலது சுவிட்சும் அழுந்தியிருக்கிறது, மேல் சுவிட்சும் அழுந்தியிருக்கிறது. ஆட்டம் வலத்தையே பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டிய சந்தின் வாயைத் தாண்டி ஓடிவிடுகிறது.

தடுப்பைத் திருப்பலாமே என்பார்கள். சன்வா ஜே.எல்.எஃப் மாதிரி ஸ்டிக்குகளில் அடியில் இருக்கும் தடுப்புத் தட்டை 45 டிகிரி திருப்பினால் நான்கு திசை ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அதே பெட்டியில் 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டமும் ஆட வேண்டுமே! கீழ், கீழ் மூலை, முன் என்று ஸ்டிக்கை உருட்டி பஞ்ச் பட்டனைத் தட்டினால்தான் தீப்பந்து போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பலகையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது.

சரி, புரோகிராமில் என்ன செய்வது? இரண்டு சுவிட்ச் சேர்ந்து அழுந்தினால் இரண்டையும் விட்டுவிடு என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் செய்து பார்த்தேன், ஆனால் ஆட்டம் முன்னைவிட மோசமானது. திரும்ப வேண்டிய அந்த நொடியில்தான் கை மூலையில் இருக்கிறது, அப்போது பார்த்து ஸ்டிக் ஊமையாகிவிடுகிறது. எதைப் புதிதாக அழுத்தினாரோ அதுதான் ஆடுபவரின் விருப்பம் என்று எடுத்துக்கொள்வதே சரியான வழி. வலம் ஏற்கெனவே அழுத்தியிருந்தது, இப்போது மேல் சுவிட்சும் சேர்ந்தது என்றால் வலத்தைக் கழித்துவிட்டு மேல் திசையை மட்டும் ஆட்டத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவிலிருந்து நேராக மூலைக்கே போனால் எது முந்தியது என்று தெரியாது, அப்போது இடம் வலத்தை வைத்துக்கொண்டு மேல் கீழை விட்டுவிடலாம்.

இதில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. சுவிட்சுகளின் நிலை மாறும்போது மட்டும்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். நானோ புரோகிராம் சுவிட்சுகளைப் பார்க்கும் ஒவ்வொரு சுற்றிலும் போட்டேன். முதல் சுற்றில் "மேல்" புதிது, சரியாகப் போனது. அடுத்த சுற்றில் எதுவுமே புதிதில்லை, அதனால் இடம் வல விதிக்குப் போய் மறுபடி "வலம்" ஆகிவிட்டது. ஒரு மில்லி விநாடி மேலே, அப்புறம் வலம், ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நிலை மாறாதவரை பழைய விடையையே அனுப்பு என்று ஒரு வரி சேர்த்ததும் பையன் திரும்பச் சொன்ன இடத்திலெல்லாம் திரும்பியது. சுவிட்சின் தகடு அழுந்தும்போது சில மில்லி விநாடி துள்ளும், அதனால் 5 மில்லி விநாடி பொறுத்து உறுதி செய்த பிறகே மாற்றத்தைக் கணக்கில் எடுங்கள்.

பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் மேம் என்ற எமுலேட்டரில் ஆடுபவர்களுக்கு இந்த வேலைகூடக் கிடையாது. 1997இல் தொடங்கிய அந்த மென்பொருளில் எந்த ஆட்டம் நான்கு திசை, எது எட்டுத் திசை என்ற விவரம் உள்ளேயே இருக்கிறது, நான்கு திசை ஆட்டம் என்றால் மேலே சொன்ன மாதிரி புதிதாக அழுத்திய திசையை அதுவே எடுத்துக்கொள்ளும். எவ்வளவு சாய்த்தோம் என்பதையும் சொல்லும் அனலாக் ஸ்டிக் என்றால் அதன் அசைவை 9க்கு 9 கட்டமாகப் பிரித்து எந்தக் கட்டம் எந்தத் திசை என்று நாமே எழுதிக் கொடுக்கலாம், "முன்பு இருந்ததையே வைத்துக்கொள்" என்றுகூட ஒரு கட்டத்துக்குச் சொல்ல முடியும். கட்டுரையில் மேம் பற்றி அரைப் பக்கம் இருந்தும் இது விடுபட்டதுதான் எனக்கு வருத்தம்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே விதி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பேக்மேனில் சந்துக்கு நடுவே தவறி மேலே பட்டாலும் சுவர் இருப்பதால் ஒன்றும் ஆகாது, அங்கே புதியதுக்கு முன்னுரிமை கொடுப்பது நல்லது. ஃபிராகரில் தவளை ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு தாவல் தாவும், மேலே தள்ளும்போது கை லேசாக வலத்தில் பட்டால் ஆற்றில் விழும். அதற்கு, ஸ்டிக் நடுவுக்கு வரும்வரை பழைய திசையையே பிடித்துக்கொள்ளும் விதிதான் சரி. நான் இரண்டு விதிகளையும் ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூ.எஸ்.பி போர்டிலேயே எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்றை வைத்துவிட்டேன். எட்டுத் திசை, புதியது, பழையது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போடும்போது ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அடுத்த இணைப்பிதழில் இதை ஒரு சின்னத் திருத்தமாகவாவது போடுங்கள். பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள் வந்தால் பெட்டி செய்யக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

— வாசகர், திருப்பூர்